ரேங்க் வந்த பிறகு

மாநிலத் தரவரிசைப் பட்டியல் வெளியானதும் மருத்துவம் படிக்கப்போகும் பிள்ளை உள்ள வீட்டில் வேறு பேச்சே கிடையாது. கலந்தாய்வுக்கான சாய்ஸ் ஃபில்லிங்கில் எதை முதலில் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது? சென்ற ஆண்டு எந்தக் கல்லூரி எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று ஒரு எக்செல் தாள் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். கோச்சிங் சென்டர் ஆசிரியர் ஒரு வரிசை சொல்வார், டாக்டராக இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா இன்னொரு வரிசை சொல்வார். கடைசியில் பெரும்பாலான வீடுகளில் அந்த எக்செல் தாளின் வரிசையே ஏறக்குறைய அப்படியே பதிவாகி லாக் ஆகிவிடுகிறது. நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியுமாக, பதினெட்டு வயதுப் பிள்ளையின் அடுத்த ஐந்தரை ஆண்டுகள் இப்படித்தான் முடிவாகின்றன.

அந்த வரிசை எதைக் காட்டுகிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு மதிப்பெண் அதிகம் பெற்றவர்கள் எங்கே போனார்கள் என்பதை அது காட்டுகிறது. அவர்கள் அதற்கு முந்தைய ஆண்டின் தாளைப் பார்த்துப் போனவர்கள். சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, அப்புறம் மதுரை, கோவை, கீழ்ப்பாக்கம், அதற்குப் பின் மற்றவை என்ற வரிசையில் உண்மை இல்லாமல் இல்லை. பழைய கல்லூரிகளில் துறைகள் அதிகம், முதுநிலை இடங்கள் அதிகம், நோயாளிகள் அதிகம். ஆனால் இந்தப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி நல்லது என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இல்லை. அதைத் தேடும் வேலை மிச்சமிருக்கிறது.

முதலில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் 1988-இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. வேலூர் சி.எம்.சி.யும், கோவை பி.எஸ்.ஜி.யும் இணைந்திருப்பது அதே பல்கலைக்கழகத்தோடுதான். பாடத்திட்டம் ஒன்று, தேர்வுத்தாள் ஒன்று, பட்டமும் ஒன்று. 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தாலும் 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொன்றில் ஒன்றான அரியலூரிலோ நாமக்கல்லிலோ படித்தாலும் எழுதும் தேர்வு ஒன்றே. முதுநிலைக்கு எழுதும் நீட் பி.ஜி.யும் எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை. அப்படியானால் கல்விச் சிறப்பு என்று நாம் எதைச் சொல்கிறோம்?

என் பார்வையில் அது வார்டில் இருக்கிறது. எத்தனை நோயாளிகள், எத்தகைய நோய்கள், அந்த நோயாளியின் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள், அவர்களிடம் வாய்விட்டுக் கேட்க மாணவனுக்குத் துணிவு வருமா என்பவைதான் கணக்கு. இதில் கடைசிக் கேள்வியை யாரும் கட்-ஆஃப் தாளில் எழுதுவதில்லை. மற்ற மூன்றும் பயன்படுவதும் படாததும் அதைப் பொறுத்தே இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

நோயாளிகளில் தொடங்கலாம். சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும், சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையான ஜி.எச்.சின் வேர் 1664-இல் கோட்டைக்குள் தொடங்கிய சிறு மருத்துவமனையில் இருக்கிறது. இன்று அங்கே நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேருக்குமேல் புறநோயாளிகளாக வருகிறார்கள். 1819-இல் தொடங்கி இன்று எழும்பூரில் இருக்கும் கண் மருத்துவமனை, அங்கேயே உள்ள குழந்தைகள் மருத்துவமனை, மகப்பேறு மருத்துவமனை எல்லாம் அதே கல்லூரியைச் சேர்ந்தவை. புத்தகத்தில் மட்டும் இருக்கும் என்று நினைத்த அபூர்வ நோய் அங்கே வார்டில் படுத்திருக்கும். இது பெரிய கொடை, மறுக்க முடியாது. அதே கல்லூரியில் ஓர் ஆண்டுக்கு 250 மாணவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பெட்டைச் சுற்றிப் பதினைந்து, இருபது பேர் நிற்கும்போது பின்வரிசையில் இருப்பவனுக்கு முன்னால் நிற்பவனின் முதுகுதான் தெரியும். நோயாளியின் வயிற்றில் கைவைத்து மண்ணீரலைத் தொட்டுப் பார்க்க முறை வருவதற்குள் அந்தப் பெரியவர் சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

புதிய மாவட்டக் கல்லூரிகளில் கணக்கு தலைகீழ். ஆண்டுக்கு நூறோ நூற்றைம்பதோ மாணவர்கள். சிறப்பு உயர்சிகிச்சைத் துறைகள் குறைவு, சில துறைகளில் ஆசிரியர் பற்றாக்குறை. ஆனால் முதுநிலை மாணவர்கள் குறைவாக இருப்பதால் தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது போன்றவை ஹவுஸ் சர்ஜன் கைக்கே சீக்கிரம் வந்துவிடும். இதை மட்டும் வைத்துச் சின்னக் கல்லூரியே மேல் என்று சொல்லிவிட முடியாது. இரவு ஒன்பது மணிக்கு வார்டில் ஈ.சி.ஜி.யைக் கையில் வைத்துக்கொண்டு இளங்கலை மாணவனுக்கு வகுப்பு எடுப்பவர் பெரும்பாலும் பி.ஜி. அண்ணனோ அக்காவோதான், பேராசிரியர் அல்ல. பி.ஜி. இல்லாத துறையில் அந்த வகுப்பும் இல்லை. ஆகவே ஒரு கல்லூரியைப் பற்றி விசாரிப்பவர்கள் கட்டடத்தைக் கேட்பதைவிட, மெடிசின், சர்ஜரி, மகப்பேறு (ஓ.ஜி.), குழந்தைகள் மருத்துவம் ஆகிய நான்கிலும் பி.ஜி. இருக்கிறார்களா என்று கேட்பது நல்லது.

ஆசிரியரின் பெயரை வைத்துக் கல்லூரியைத் தேர்பவர்களும் உண்டு. அரசுக் கல்லூரியில் அது நிலைக்காது. பதவி உயர்விலும் இடமாறுதல் கலந்தாய்விலும் பேராசிரியர்கள் ஊர் மாறிக்கொண்டே இருப்பார்கள். இன்று மதுரையில் புகழோடு இருக்கும் துறைத் தலைவர் உங்கள் மகன் இறுதியாண்டு வரும்போது தேனியில் இருக்கலாம். தங்கிவிடுவது துறையின் பழக்கம்தான். ஸ்டான்லியில் கை அறுவை சிகிச்சையும் கீழ்ப்பாக்கத்தில் தீக்காயச் சிகிச்சையும் தலைமுறை தாண்டிப் பேர் சொல்கின்றன என்றால், அங்கே ஆள் மாறினாலும் வேலை செய்யும் முறை மாறவில்லை என்று பொருள்.

ஊருக்கு ஊர் நோய் மாறும் என்பதையும் யோசிக்க வேண்டும். டெல்டாவிலும் விழுப்புரம் பக்கத்திலும் பூச்சிமருந்து குடித்தவர்களும் பாம்புக் கடிபட்டவர்களும் காஷுவாலிட்டிக்கு வந்தபடி இருப்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் தண்ணீரிலிருக்கும் ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டவர்களைப் பார்க்கலாம். நீலகிரியில் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் சோகை உண்டு. விருதுநகர் என்றால் பட்டாசு ஆலை விபத்து. இதையெல்லாம் நேரில் பார்த்துப் பழகியவர்கள் நல்ல டாக்டர்களாக வருகிறார்கள். பெரிய நகரத்துக் கல்லூரிக்கு இந்த நோயாளிகள் வந்து சேரும்போது முதல் சில மணி நேரம் எங்கோ ஒரு தாலுகா மருத்துவமனையில் கழிந்திருக்கும். அந்த முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியதைக் கற்பதற்கு மாவட்டக் கல்லூரியே ஏற்ற இடம்.

மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை பற்றியும் ஒரு வார்த்தை. கற்பித்தல், ஆராய்ச்சி, பட்டம் பெற்றோர் நிலை, பரவலான சேர்க்கை, பொதுமதிப்பு என்று பல அளவுகளைக் கூட்டி வரும் எண் அது. ஆய்வுக் கட்டுரைகளை நிறைய வெளியிடும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அதில் மேலே ஏறும். எம்.பி.பி.எஸ். மாணவன் ஒரு வாரத்தில் எத்தனை நோயாளியிடம் கேஸ் எடுத்தான் என்பதற்கு அதில் மதிப்பெண் இல்லை. முதுநிலைக்குச் செல்பவர்கள் பார்க்கட்டும். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அது அவ்வளவு பயன்படாது.

அடுத்து ஊர். சென்னை வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கிராமத்திலிருந்து வருபவனுக்கு மாநகரம் என்பது கடற்கரையும் சினிமா தியேட்டரும் மட்டுமல்ல. ஊரில் நாலு பேர் பார்வைக்கு நடுவிலேயே வளர்ந்த பெண்ணுக்கு, எலெக்ட்ரிக் டிரெயினில் தனியாக ஏறி ஒரு புத்தகக் கண்காட்சிக்குப் போய்வருவதே புதிய சுதந்திரம். 1907-இல் புதுக்கோட்டையிலிருந்து முத்துலட்சுமி ரெட்டி மருத்துவம் படிக்கச் சென்னைக்குத்தான் வரவேண்டியிருந்தது. 1912-இல் பட்டம் பெற்றவர், பிறகு சட்டமன்றம்வரை போனதில் அந்த நகரத்துக்கும் பங்கு உண்டு. இன்று புதுக்கோட்டைக்கே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, 2017-இல். அந்த ஊர்ப் பிள்ளை இனி சென்னைக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை. வரவேண்டுமா என்று யோசிக்கும் உரிமை மட்டும் இருக்கிறது, அதுவே பெரிய மாற்றம்.

நகரம் என்று பேசும்போது உண்மையில் பார்க்க வேண்டியது தூரம். கோவையில் கல்லூரி அவினாசி சாலையில் பீளமேட்டில், மருத்துவமனை ரயில் நிலையத்துப் பக்கம். தஞ்சாவூரில் மகப்பேறும் குழந்தைகள் பிரிவும் ஊருக்குள் ராசா மிராசுதார் மருத்துவமனையில், மற்றவை மருத்துவக்கல்லூரிச் சாலையில். தேனி மருத்துவக் கல்லூரி தேனி நகரில் இல்லை, ஆண்டிபட்டி அருகே கானாவிலக்கில். வேலூர் அரசுக் கல்லூரி அடுக்கம்பாறையில். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் கல்லூரியும் மருத்துவமனையும் ஒன்றாகவே இருப்பதால், இரவு பத்து மணிக்கு வார்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்புவது சாதாரணம். பஸ் பிடித்துப் போகவேண்டிய இடத்தில் அப்படி யாரும் போவதில்லை. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். விடுதிக் கதவு எத்தனை மணிக்கு மூடுகிறது, ஆண்கள் விடுதிக்கும் அதே நேரம்தானா, நூலகம் எதுவரை திறந்திருக்கும் என்று சீனியர் அக்கா ஒருத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் அந்தக் கல்லூரி தன் மாணவிகளை எப்படி நடத்துகிறது என்பது பாதி தெரிந்துவிடும்.

செலவு கதை வேறு. அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான். தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டில் நாலு லட்சத்தைத் தாண்டும், நிகர்நிலையில் இருபது லட்சத்தையும் தாண்டும். அரசு இடம் கையில் இருக்கும்போது ஊர் பிடிக்கவில்லை என்று நிலத்தை விற்றுத் தனியாருக்குப் போவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் பரிந்துரைக்க மாட்டேன். கடன் சுமையோடு படிக்கும் பிள்ளைக்கு எந்த ஊரும் இனிக்காது.

இனி, யாரும் வெளிப்படையாகப் பேசாத பகுதிக்கு வருகிறேன். அங்கே அவன் ஒட்டுவானா? அவள் அங்கே தன்னைச் சேர்ந்தவர்களோடு இருப்பதாக உணர்வாளா? பெற்றோர் இதை ஹோம்சிக் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார்கள். பலருக்குச் சரியாகிவிடும். ஆனால் இது படிப்புக்கு வெளியே இருக்கும் விஷயம் என்று நினைப்பது தவறு.

மெடிசின் வார்டில் நடப்பதைப் பாருங்கள். அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து, 2020-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டத்தால் இடம் பெற்ற மாணவி ஒருத்தி, மூச்சிரைப்போடு படுத்திருக்கும் அறுபது வயது விவசாயியிடம் கேஸ் எடுக்கிறாள். "ராத்திரி எத்தனை தலகாணி வெச்சுப் படுப்பீங்க தாத்தா?" என்று கேட்கிறாள். "படுக்கவே முடியல தாயி. செவுத்துல சாஞ்சு உக்காந்தமேனிக்குத்தான் தூங்குறேன்" என்கிறார். "நடுச்சாமத்துல மூச்சு முட்டி எந்திரிச்சிருவீங்களா?" "ஆமா, எந்திரிச்சு வெளித் திண்ணைக்கு வந்துருவேன். செத்த நேரம் காத்து வாங்குனா அடங்கும்." கால் வீக்கம் எப்போது வந்தது, மாடிப்படி ஏற முடிகிறதா, வயலில் வரப்போரம் நடக்கும்போது எத்தனை இடத்தில் நிற்கிறார் என்று ஒவ்வொன்றாக வாங்கிவிடுகிறாள். இதயச் செயலிழப்பின் முழு வரலாறும் அவள் நோட்டில் இருக்கிறது. அருகில் நிற்கும் நகரத்து மாணவன் அதே நோயாளியிடம் கேட்டபோது "மூச்சு வாங்குதுப்பா" என்ற ஒரு வரிதான் கிடைத்தது.

யூனிட் தலைவரான சீஃப் வருகிறார். ஆங்கிலத்தில் பிரசன்ட் செய்ய வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுவதைக் குறிக்கும் ஆர்த்தாப்னியா என்ற சொல் அவளுக்குத் தெரியும், வாக்கியம்தான் வரவில்லை. இரண்டாவது வரியிலேயே தடுக்கிறது. இந்த இடத்தில் இரண்டில் ஒன்று நடக்கலாம். "தமிழ்லயே சொல்லும்மா, நோயாளி சொன்னதைச் சொல்லு, இங்கிலீஷ் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சீஃப் சொன்னால் அவள் மறுநாளும் முன்வரிசையில் நிற்பாள். "இதுகூடப் பேச வராம எதுக்கு வந்தே?" என்று கேட்டுவிட்டால், அவள் அடுத்த மூன்று ஆண்டும் பின்வரிசைக்குப் போய்விடுவாள். பத்தாயிரம் நோயாளிகள் வரும் மருத்துவமனையாக இருந்து அவளுக்கு என்ன பயன்?

யாழ்ப்பாணம் மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். தமிழில் நோயைப் பற்றி ஒழுங்காகப் பேச முடியும் என்பது அன்றே நிரூபணமானது. இன்றைய வார்டில் தமிழ் பேசத் தயங்க வைப்பது மொழியின் குறையல்ல, அந்த யூனிட்டின் பழக்கம்.

சாதி இதில் எங்கே வருகிறது என்று கேட்பார்கள். டெல்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதத்தை ஆராய்ந்த சுக்தேவ் தோரட் குழு 2007-இல் தந்த அறிக்கை, அவர்கள் விடுதியில் குறிப்பிட்ட தளங்களுக்கே ஒதுங்க நேர்ந்ததைப் பதிவு செய்தது. நாட்டின் முதல்தரக் கல்லூரி அது. 2019-இல் மும்பை நாயர் மருத்துவமனையில் முதுநிலை படித்த பழங்குடிப் பெண் மருத்துவர் பாயல் தட்வி தற்கொலை செய்துகொண்டார். சாதியைச் சொல்லி அவமானப்படுத்தினார்கள் என்ற புகார் வழக்கானது. தமிழ்நாட்டிலும் நமக்கு மறக்க முடியாத ஒன்று உண்டு. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் ராகிங் தடைச் சட்டம் 1997-இல் வந்தது. சட்டம் வந்ததால் பயம் குறைந்தது உண்மை. இப்போது நடப்பது வேறு வகை: ரேங்க் என்ன, எந்தக் கோட்டா என்று முதல் வாரத்தில் கேட்டுவிட்டு அதன்படி மெஸ் மேசை பிரிந்துகொள்வது. அதற்கு எதிராகப் புகார் கொடுப்பது கடினம்.

ஒட்டுதல் என்றால் தன் ஊர்க்காரர், தன் சாதிக்காரர் நிறைய இருக்கும் இடம் என்று பொருள்கொள்ளக் கூடாது. அப்படித் தேடிப் போனவர்கள் ஐந்தரை ஆண்டும் நாலு பேருக்குள்ளேயே முடங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் நடுவிலும் ஒரு பிள்ளையை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் அந்தக் கல்லூரியில் இருக்கிறதா என்பதே கேள்வி. இதைத் திட்டமிட்டே செய்யும் இடம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-இல் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளி அது, ஆண்கள் 1947-இல்தான் சேர்ந்தார்கள். ஆண்டுக்கு நூறு பேர், எல்லாரும் பாகாயம் விடுதியில்தான் தங்க வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் ஆசிரியர் குடும்பம் ஒன்று வளர்ப்புக் குடும்பமாக அமைகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் சாப்பாடு. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் குவிவதால் தமிழ்ப் பிள்ளை இந்தியும் வங்காளமும் கற்றுக்கொள்கிறது. அங்கே பெரும்பாலான இடங்கள் சிறுபான்மையினருக்கும், படிப்புக்குப் பின் மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்ற உறுதி தருபவர்களுக்கும் உரியவை. எல்லாருக்கும் அந்த வழி திறந்திருக்காது. ஆனால் அவர்கள் செய்வதில் அரசுக் கல்லூரி செய்ய முடியாதது என்று ஏதுமில்லை. பாடத்திட்டத்தை 2019-இல் மாற்றியபோதே தொடக்க வாரங்களில் அறிமுகப் பயிற்சியும் மொழிப் பயிற்சியும் சேர்க்கப்பட்டன. அதை உயிரோடு நடத்தும் கல்லூரியும் உண்டு, கையெழுத்து வாங்கி முடித்துவிடும் கல்லூரியும் உண்டு.

அகில இந்தியக் கலந்தாய்வு வழியாக வெளிமாநிலம் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி இரண்டு மடங்கு. ஜிப்மர் பக்கத்திலேயே புதுச்சேரியில் இருப்பதால் பிரச்சினை இல்லை. வடக்கே எய்ம்ஸ் ஒன்றில் இடம் கிடைப்பவர்கள் நோயாளியிடம் இந்தியில் கேஸ் எடுக்கத் தயாராக வேண்டும். எய்ம்ஸ் என்ற பெயருக்காக மட்டும் போவதும் சரியல்ல. மதுரை எய்ம்ஸின் முதல் மாணவர்கள் சொந்த வளாகம் இல்லாமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் படிப்பைத் தொடங்கினார்கள்.

ஒட்டுதலை எப்படி முன்கூட்டித் தெரிந்துகொள்வது? கல்லூரி இணையதளம் சொல்லாது, டாப்பராக வந்த சீனியரும் சொல்ல மாட்டார், அவருக்கு எல்லா இடமும் நன்றாகவே இருந்திருக்கும். உங்கள் பிள்ளையைப் போன்ற பின்னணியிலிருந்து போய், இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ படிக்கும் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். தமிழ்வழிப் பிள்ளை என்றால் தமிழ்வழியில் வந்தவர், முதல் தலைமுறை என்றால் முதல் தலைமுறை. அவரிடம் நல்ல கல்லூரியா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். முதலாண்டில் அனாடமி அரியர் வைத்தவர்களை யார் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வாங்கிவந்தவர் யார், சந்தேகம் கேட்டால் எந்தத் துறையில் திட்டு விழும் என்று கேளுங்கள். பதில் சொல்லும் வேகத்திலேயே விஷயம் புரிந்துவிடும். முடிந்தால் ஒருநாள் அந்த ஊருக்கே போய், புறநோயாளிப் பிரிவில் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, மாணவர்கள் நோயாளிகளோடு எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். அரசு மருத்துவமனைக்குள் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கடைசியாக, கலந்தாய்வின் இரண்டாம் சுற்று. மேல்வரிசையில் போட்ட கல்லூரிக்கு அப்கிரேடேஷன் கேட்டு அது கிடைத்துவிட்டால் முதல் சுற்றில் பெற்ற இடம் போய்விடும், திரும்ப வராது. சில ஆண்டுகளில் வகுப்பு தொடங்கிய பிறகும் சுற்றுகள் நடக்கின்றன. அதற்குள் ஒரு பிள்ளைக்கு அறைத் தோழி அமைந்திருப்பாள், மொழிக்கு உதவும் ஒரு ஆசிரியர் கிடைத்திருப்பார். வீட்டுக்கு அருகில் வர வேண்டும், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தனியாரிலிருந்து அரசு இடத்துக்கு மாறிக் கட்டணம் குறைகிறது என்றால் தாராளமாக மாறலாம். சென்ற ஆண்டுக் கட்-ஆஃபில் அது நாலு இடம் மேலே என்பது மட்டும் காரணமாக இருந்தால், பிள்ளை இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லும்போது வீட்டார் அதற்குச் சம்மதிக்க வேண்டும்.